கையெழுத்துப் போட எங்களையும் கூப்பிடுங்கள்: நம் கோயில் சமரசக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சமரசக் குழுவில் இருக்கும் ஒன்பது பேருக்கும் வணக்கம்.

உங்களில் இரண்டு பேர் எனக்கு மாமா முறை. மூன்று பேரை அண்ணன் என்று கூப்பிட்டே பழகியவள். மீதி நாலு பேருக்கு ஒன்றாம் ஆண்டில் கையைப் பிடித்து 'அ' எழுதக் காட்டியவள் நான்தான், அதனால் தம்பி என்று எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். நேரில் வந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வந்தேன். சித்திரைக் கடைசியில் ஒரு நாள் செயலாளர் அண்ணன் வீட்டு வாசலில் நின்று சொன்னேன். "டீச்சர், உங்க கருத்த எழுதிக் குடுங்க, நாங்க உள்ள கொண்டு போறோம்" என்றார். எழுதிக் கொடுத்தேன். உள்ளே போனது, வெளியே வரவில்லை. அதனால்தான் இந்த முறை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களும் படிக்கக்கூடும், ஆகவே சங்கதியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டம். ரப்பர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, அப்புறம் பாதி நிலம் வீடமைப்புக்குப் போனது. தொழிலாளர் குடியிருந்த லயங்களை உடைத்தார்கள். நாங்கள் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகளுக்கு வந்து சேர்ந்தோம். மாரியம்மன் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டாள். அவளையும் நம்மோடு கூட்டி வந்துவிடலாம் என்று ஒரு சாரார். உயிரே போனாலும் நகர்த்த விடமாட்டோம் என்று இன்னொரு சாரார். ஆறு வருடமாக ஒரு கோயிலுக்கு இரண்டு தலைவர், இரண்டு ரசீதுப் புத்தகம். போலீஸ் ரிப்போர்ட்டுக்கு மட்டும் கணக்கே இல்லை. போன ஆடித் திருவிழாவில் ஊர்வலம் பாதி வழியில் நின்றது. உருமி அடித்த பையன் ஒருவனுக்கு மண்டையில் ஏழு தையல்.

இதைத் தீர்க்கத்தான் நீங்கள் ஒன்பது பேர். தரப்புக்கு நாலு பேர், நடுவில் பொதுவாக ஒருவர். ஒன்பது பேரும் ஆண்கள். நாற்பது வயதுக்குக் கீழே ஒருவர்கூட இல்லை.

போன வருடம் வைகாசியில் நீங்கள் போட்ட ஒப்பந்தத்தைப் பற்றி முதலில் பேச வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்து எழுதியது, அந்த உழைப்பை நான் சின்னதாகப் பேச மாட்டேன். மொத்தம் பத்து விதி. நாலாவது விதி இது: காலை அபிஷேகமும் பால்குடமும் பழைய கோயில்காரர்களுக்கு, சாயங்கால ஊர்வலமும் முளைப்பாரியும் புதுக் கோயில்காரர்களுக்கு. எந்தக் குடும்பம் எந்தப் பக்கம் என்று வீட்டு எண் போட்டு ஒரு பட்டியல். காகிதத்தில் பார்த்தால் ரொம்ப நியாயமாகத்தான் தெரிந்தது.

அந்தப் பட்டியலில் ஆண்களுக்கு ஒரு வீடு. எங்களுக்கு இரண்டு. பிறந்த வீடு இந்தப் பக்கம், புகுந்த வீடு அந்தப் பக்கம் என்று நம் தாமானில் எத்தனை பெண்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? நான் எண்ணத் தொடங்கினேன், கைவிரல் கால்விரல் எல்லாம் சேர்த்தும் போதவில்லை. தோட்டத்தில் பெண் எடுத்துப் பெண் கொடுத்து வந்தவர்கள் நாம். எந்தக் கோட்டைப் போட்டாலும் அது யாரோ ஒருத்தியின் அடுப்படிக்குள்தான் போய் விழும்.

அப்படித்தான் விழுந்தது. ஒரு பெண், பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். அவள் அம்மாவுக்குக் கால் ஆபரேஷன் ஆனபோது நேர்ந்துகொண்ட பால்குடம். அம்மா வீடு பழைய கோயில் பட்டியலில் இருக்கிறது, ஆகவே காலையில் அங்கே போய் எடுத்தாள். சாயங்காலம் புகுந்த வீட்டில் முளைப்பாரித் தட்டைத் தூக்கக் கை நீட்டினாள். "காலையில அங்க போனவளுக்கு இங்க என்ன வேல" என்று மாமியார் ஒரு வார்த்தை. அந்த வார்த்தை அரை மணியில் அண்ணன் காதுக்குப் போனது. அண்ணன் வந்தான், புருஷன் எழுந்தான். ஊர்வலம் கடைத்தெரு முனைக்கு வந்தபோது இரண்டு வீட்டு ஆட்களும் எதிரெதிரே நின்றார்கள். உருமிக்காரப் பையன்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். ரிப்போர்ட்டில் "உருமி மேளக் குழுவினரால் கலவரம்" என்று எழுதியிருக்கிறது. நான் சொல்கிறேன், அது நாலாவது விதியால் வந்தது. அந்த ஒன்பது நாற்காலியில் ஒன்றில் ஒரு மருமகள் உட்கார்ந்திருந்தால், விதியை வாசித்து முடிக்கும் முன்பே "இது நடக்காதுங்க" என்று சொல்லியிருப்பாள்.

இன்னொரு விஷயம். இதைச் சொன்னால் எங்கள் கூட்டத்திலேயே சிலர் என்மேல் வருத்தப்படுவார்கள், பரவாயில்லை. போன வருடம் இரண்டு தரப்பு முளைப்பாரியும் ஒரே வீட்டில், ஒரே இருட்டறையில்தான் முளைத்தது. உங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் நாங்கள் சொல்லவில்லை. விதை ஊறவைக்கிற பக்குவம், எருவும் மண்ணும் கலக்கிற அளவு, தண்ணீர் தெளிக்கிற நேரம் எல்லாம் சரியாகத் தெரிந்த ஒரு பாட்டிதான் நம் ஊரில் மிச்சம். அவளால் இரண்டு வீட்டுக்கு அலைய முடியாது. அதனால் இரண்டு பக்கத்துப் பெண்களும் இருட்டிய பிறகு அங்கே போனோம். கும்மி அடித்தோம், சுண்டல் தின்றோம். உள்ளே வந்தால் கோயில் வழக்கைப் பற்றி ஒரு பேச்சும் கூடாது என்று பாட்டி சொல்லியிருந்தாள். யாரும் எழுதி வைக்காத விதி. ஒன்பது நாளும் ஒருத்திகூட மீறவில்லை.

அதற்காகப் பெண்கள் எல்லாம் சமாதானமே உருவானவர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த ஆடி ராத்திரி ஒரு வாய்ஸ் மெசேஜ் ஊர் முழுக்கச் சுற்றியதே, "நம்ம புள்ளைய அடிச்சிட்டானுங்க" என்று அழுகையோடு வந்தது, அதை மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்குத் தள்ளிவிட்டவள் நான். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொல்லிக் கொடுத்த வாத்தியார். யாரை யார் அடித்தார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. மறுநாள் காலையில் இரண்டு வீட்டுக் கண்ணாடி உடைந்திருந்தது. அந்தக் கணக்கு என் பேரில்தான் இருக்கிறது. சண்டையை மூட்டிவிட எங்களுக்குத் தெரிகிறது என்றால், அணைக்கிற இடத்தில் மட்டும் எங்களை ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

நம் மண்ணுக்கு இது புதிதில்லை. 1948 ஜூன் 16 அன்று இதே சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் நாடு முழுக்க அவசரகாலம் வந்தது. என் பாட்டி அப்போது பால் வெட்டுக்காரி. லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டதையும், வாசலில் உடம்பைத் தடவிச் சோதித்ததையும், ஒரு பிடி சோறு கட்டிக்கொண்டு காட்டுக்குப் போக முடியாமல் வெறும் வயிற்றோடு மரம் சீவியதையும் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். 1955 டிசம்பர் 28, 29 இரண்டு நாளும் கெடாவில் பாலிங் பள்ளிக்கூடத்தில் பேச்சு நடந்தது. ஒரு பக்கம் அரசுத் தரப்பில் துங்கு அப்துல் ரஹ்மான், டான் செங் லோக், சிங்கப்பூரின் டேவிட் மார்ஷல். எதிரே கம்யூனிஸ்டுத் தரப்பில் சின் பெங், ரஷீத் மைடின், சென் தியென். பேச்சு முறிந்தது, அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை இழுத்தது. தாய்லாந்தில் போட்ட ஹாட்யாய் ஒப்பந்தத்தில் அவர்கள் துப்பாக்கியைக் கீழே வைக்க 1989 டிசம்பர் ஆகிவிட்டது. பாலிங்கில் முறிந்ததற்குப் பெரிய அரசியல் காரணங்கள் இருந்தன. அந்த மேசையில் ஒரு தோட்டத் தொழிலாளி இருந்திருந்தால் சமாதானம் வந்திருக்கும் என்று கதை கட்ட மாட்டேன். ஆனால் பாட்டி சொன்னது காதிலேயே நிற்கிறது: "பேசுனவங்க பேசிட்டுக் காருல ஏறிப் போயிட்டாங்க. வேலிக்குள்ள இருந்தது நாங்க."

கிட்டத்தில் நடந்ததையும் பார்ப்போம். சுபாங் ஜெயாவில் சீபீல்டு மாரியம்மன் கோயில். அதுவும் நம்மைப் போலத் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் போன பிறகு தனியாக நின்ற கோயில்தான். 2014-ல் ஷா ஆலம் உயர் நீதிமன்றத்தில் இணக்கத் தீர்ப்பு பதிவானது. மேம்பாட்டு நிறுவனம், மாநில அரசு, நிர்வாக உரிமைக்குப் போட்டி போட்ட இரண்டு தரப்பு, எல்லோரும் இடமாற்றத்துக்கு ஒப்புக்கொண்டதாகக் காகிதம் சொன்னது. 2018 நவம்பரில் அங்கே கலவரம். வாகனங்கள் எரிந்தன. காயம்பட்ட தீயணைப்பு வீரர் ஒருவர் டிசம்பரில் இறந்துபோனார். நடந்ததற்குக் காரணம் பல, ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி இல்லை. நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: நிர்வாகத்துக்குப் போட்டி போடுகிறவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால், தினமும் விளக்குப் போடுகிறவர்களும் ஒப்புக்கொண்ட மாதிரி என்று நாமும் எடுத்துக்கொள்கிறோம். நம் ஒப்பந்தமும் அப்படித்தான் எழுதப்பட்டது.

சரி, உலகத்தில் எல்லாம் எப்படிச் செய்கிறார்கள்? பெண்களையும் சமாதானப் பேச்சில் சேர்க்க வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2000 அக்டோபர் 31-ல் 1325 என்ற எண்ணோடு ஒரு தீர்மானம் போட்டது. ஆனால் 1992 முதல் 2019 வரை நடந்த பெரிய சமாதானப் பேச்சுகளைக் கணக்கெடுத்தால், பேச உட்கார்ந்தவர்களில் பெண்கள் 100-க்கு 13 பேர், கையெழுத்துப் போட்டவர்களில் 6 பேர். ஆக, நீங்கள் ஒன்பது பேரும் உலக வழக்கத்துக்கு விரோதமாக ஒன்றும் செய்துவிடவில்லை!

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது, அதுவும் நம் நாடு நடுநின்ற பேச்சிலேயே. தென் பிலிப்பைன்ஸில் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணிக்கும் அரசாங்கத்துக்கும் நடந்த பேச்சுக்கு மலேசியாதான் இடைநிலையாளர். கோலாலம்பூரில் எத்தனையோ சுற்று நடந்தது. 2014 மார்ச் 27-ல் மணிலாவில் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, அரசுத் தரப்பின் தலைமைப் பேச்சாளர் மிரியம் கொரோனெல் ஃபெரர் என்ற பேராசிரியை. அவ்வளவு பெரிய சமாதான ஒப்பந்தம் ஒன்றில் தலைமைப் பேச்சாளராகக் கையெழுத்திட்ட முதல் பெண் அவர்தான். கோலாலம்பூரில் முடிகிற காரியம் நம் தாமான் பொது மண்டபத்தில் முடியாதா?

நான் முதலில் எழுதிக் கொடுத்த கடிதத்துக்குப் பதில் என்று சொல்ல முடியாது, ஆனால் அதன் பிறகு காதில் விழுந்த ஒரு யோசனை: "மகளிர் பிரிவு ஒண்ணு வைக்கலாம், அவங்க தனியா பேசி ஆலோசன சொல்லட்டும்." நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் இதற்கும் முன்கதை உண்டு, நமக்கு வலிக்கிற இடத்தில். இலங்கையில் 2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது, நார்வே நடுவில் நின்றது. முதன்மைப் பேச்சு மேசையில் பெண்களுக்குச் சரியான இடம் இல்லை என்று குரல் எழுந்தபோது, பாலினப் பிரச்சினைகளுக்கு என்று ஒரு துணைக்குழு அமைத்தார்கள். அரசுத் தரப்பில் ஐந்து பெண்கள், புலிகள் தரப்பில் ஐந்து பெண்கள். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள். எதிரெதிர்த் தரப்புப் பெண்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, எதைப் பேசுவது என்று ஒத்துப்போய் வேலையைத் தொடங்கினார்கள். ஏப்ரலில் புலிகள் முதன்மைப் பேச்சிலிருந்து விலகினார்கள். அதோடு துணைக்குழுவும் நின்றது. அது போர், நம்முடையது கோயில் சண்டை, இரண்டையும் ஒரே தராசில் வைக்கிற புத்திகெட்டவள் நான் இல்லை. ஆனால் பக்கத்து அறை என்றால் அப்படித்தான். பெரிய அறையில் விளக்கு அணைந்தால் இங்கேயும் அணைந்துவிடும். பெரிய அறைக்குள்ளேயே வருகிறோம்.

இதை நான் போன வாரம் கடைத்தெருவில் சொன்னபோது உங்களில் ஒருவர் சிரித்தீர்கள். "அப்புறம் தேத்தண்ணி யாரு போடுறது டீச்சர்" என்றீர்கள். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன், பழக்கதோஷம். வட அயர்லாந்தில் 1996-ல் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் பெண்கள் சேர்ந்து சில வாரத்திலேயே ஒரு கட்சி கட்டி, தேர்தலில் நின்று, சமாதானப் பேச்சு மேசையில் இரண்டு இடம் பிடித்தார்கள். அவர்கள் பேச எழுந்தால் எதிரே இருந்த ஆண்கள் சிலர் மாடு மாதிரி 'மா' என்று கத்துவார்களாம். அந்தப் பெண்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். 1998 ஏப்ரல் 10-ல் வந்த ஒப்பந்தத்தில், பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆதரவு, இரண்டு சமயப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிப்பது, கலந்து குடியிருப்பது பற்றிய வரிகள் அவர்கள் வற்புறுத்தி நுழைத்தவை. துப்பாக்கியையும் அதிகாரத்தையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்களுக்குப் பள்ளிக்கூடமும் வீடும் நினைவுக்கு வரவில்லை போல. தேநீரைப் பொறுத்தவரை, முறை வைத்துப் போடலாம் தம்பி. முதல் முறை உங்களுடையது.

பெண்களைப் பற்றியே பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மண்டையில் தையல் போட்ட அந்தப் பையனுக்குப் பத்தொன்பது வயது. உருமி ஒன்பது மணிக்கு மேல் கூடாது என்று உங்கள் ஏழாவது விதி. அது அவனுக்கு எப்படித் தெரிய வந்தது தெரியுமா? திருவிழா அன்று மத்தியானம், வாட்ஸ்அப்பில், யாரோ எடுத்த மங்கலான போட்டோவில். மூன்று மாதமாகக் காசு சேர்த்துத் தோல் மாற்றிப் பழகிய பையன்கள். கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் எட்டரைக்கே முடித்திருப்போம் டீச்சர் என்கிறான். அவர்களைக் கலகக்காரர்கள் என்று ஊரே சொல்கிறது, ஆனால் திருவிழா அன்று தேரைத் தள்ளுவதும் லோரியில் கூடாரச் சாமான் ஏற்றுவதும் அவர்கள்தான்.

புதுக் கோயில் இடத்துக்குப் பக்கத்தில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) விற்கிற மலாய்க்கார அம்மா, மக்சிக், இருக்கிறார். அவருக்கு நம் சாமிமேல் ஒரு கோபமும் இல்லை. அவர் கோபம், திருவிழா லோரி அவர் சந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் அவர் பேரனை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் போன அந்த ஒரு ராத்திரியைப் பற்றி. ஆறு வருடத்தில் நம்மில் யாராவது போய்க் கேட்டோமா? அக்கம்பக்கத்தோடு பேச 1975-லிருந்து நாட்டில் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கக் குழுத் திட்டம் இருக்கிறது, ஒற்றுமைத் துறை சமூக மத்தியஸ்தர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறது. நாம்தான் போலீஸ் நிலையத்துக்கு நேராக ஓடுகிறோம்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். ஒன்பதைப் பதின்மூன்றாக ஆக்குங்கள், அல்லது ஒன்பதுக்குள்ளேயே இடம் விடுங்கள், அது உங்கள் பாடு. ஆனால் பெண்கள் நாலு பேராவது இருக்க வேண்டும். ஒருத்தியை மட்டும் உட்கார வைத்தால் அவள் யாருக்கோ பெண்டாட்டியாகவோ தங்கையாகவோதான் உட்கார்ந்திருப்பாள், வாயைத் திறக்க மாட்டாள். அந்த நாலு பேரில் இரண்டு பேராவது இரண்டு பட்டியலிலும் கால் வைத்திருக்கிற மருமகள்களாக இருக்கட்டும். இருபத்தைந்துக்குக் கீழே இரண்டு பேர், அதில் ஒருவன் உருமி அடிக்கிறவன். எல்லோருக்கும் பேச்சு, வாக்கு, கையெழுத்து மூன்றும் உண்டு.

அப்புறம் கூட்ட நேரம். "பொம்பளைங்கள கூப்ட்டா வரமாட்டேங்கிறாங்க" என்று நீங்கள் சொல்வது பொய்யில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு, பீர் விற்கிற கடையின் பின்னறையில் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? தொழிற்சாலையில் இரவு ஷிஃப்டுக்குப் பஸ் ஏறுகிற நேரம் அது. ஞாயிறு மாலை நாலு மணி, பொது மண்டபம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். அந்த ஆள் நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன், எனக்கு நாற்காலி வேண்டாம், வாய்ஸ் மெசேஜ் அனுப்பியவள் உட்காரக்கூடாது என்று நானே நினைக்கிறேன். எழுதி முடித்ததும் கையெழுத்துக்கு முன்னால் இரண்டு வாரம் கொடுங்கள். வீடு வீடாக வாசித்துக் காட்டட்டும். படிக்கத் தெரியாத கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் கேட்கிற கேள்விக்குத்தான் உங்களில் பலருக்குப் பதில் தெரியாது.

ஆடி பிறக்க அதிக நாள் இல்லை. முளைப்பாரிப் பாட்டி நேற்று கூப்பிட்டு விட்டாள். போன வருடத்தைவிட நடை தளர்ந்திருக்கிறது, பயறு ஊறவைக்கிற தேதியை முன்கூட்டியே சொன்னால்தான் மண் சலித்து வைக்க முடியும் என்கிறாள். விதைக்குப் பணம் என்னிடம் இருக்கிறது, இரண்டு தரப்புப் பெண்களும் கொடுத்தது, ஒரே டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். எத்தனை தட்டு, எந்த நாள், யார் தலையில் என்று அவளுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். அதை முடிவு செய்கிற கூட்டத்தை எந்த ஞாயிற்றுக்கிழமை வைக்கிறீர்கள் என்று தெரியப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் லயத்துப் பெண், உங்கள் பழைய டீச்சர்